பாம் பைலட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய்

பாளையங்கோட்டை,
11.5.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. காலையில் வாசல் வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஆனித் தேரோட்டத்துக்கு நீ வருகிறாய் என்று சொன்னதும், "அவனுக்குச் சொதி வைக்கணும்லா" என்றாள். உன் மகள் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்திருப்பது ரொம்ப சந்தோஷம். சட்டைப்பையில் அடங்குகிற அந்தக் காலத்து மின்னணு டைரியான பாம் பைலட்டைத் தினமும் வைத்து வேலை பார்த்த ஒருவரிடம் பேச வேண்டும் என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். வேறு யாரையும் தேட வேண்டாம். 1999-ல் நீ லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன அந்தப் பாம் த்ரீ மாடலை ஐந்து வருஷம் சட்டைப்பையில் வைத்துத்தான் நான் மருந்துக் கம்பெனி ரெப் வேலை பார்த்தேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். அவளிடம் அப்படியே வாசித்துக் காட்டு.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பீரோவைத் துழாவினேன். கீழ்த்தட்டில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. மூடி கீல் லேசாக ஆடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. ரிமோட்டுக்குப் போடுவோமே, அந்தச் சின்ன பேட்டரி இரண்டு வாங்கிப் போட்டேன். திரை விழித்துக்கொண்டது. திரை மூலையில் ஒரு குறி காட்டி, அதன் நடுவில், திரையில் எழுதும் குச்சியால் தொடு என்றது. குச்சி எங்கே படுகிறது என்று அது கணக்குப் பார்த்துக்கொள்ளும் வேலை அது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அதன் நினைவு முழுக்க பேட்டரியின் தயவில் நிற்பது. பேட்டரி மாற்றும்போது ஒரு நிமிஷத்துக்குள் புதியதைச் செருகிவிட வேண்டும் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்வாயே, நினைவிருக்கிறதா?

என் வேலைதான் உனக்குத் தெரியும். திங்கள் அம்பாசமுத்திரம், செவ்வாய் தென்காசி, புதன் சங்கரன்கோவில், வியாழன் வள்ளியூர். நானூறு டாக்டர்களுக்கு மேல், அப்புறம் கெமிஸ்ட், ஸ்டாக்கிஸ்ட். அதற்கு முன்னால் இதெல்லாம் மூன்று டைரியில் இருந்தன. வருஷம் பிறந்தால் புது டைரிக்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதுவதற்கே பொங்கல் லீவு சரியாகப் போகும்.

பாமில் முகவரிப் பட்டனை அமுக்கினால், அணைந்து கிடந்த மெஷின் விழிப்பதும் முகவரிப் பட்டியல் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கீழே உள்ள கோட்டில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் போட்டால் பட்டியல் அந்த இடத்துக்குத் தாவும். ஒவ்வொரு பெயருக்கும் நாமே தலைப்பு வைத்துக்கொள்ள நான்கு காலிக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் டாக்டர் ரெப்பைப் பார்க்கும் நேரம், இரண்டாவதில் கடைசியாகக் கொடுத்த சாம்பிள். அதோடு ஒட்டிய குறிப்பில் மற்றதை எழுதுவேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டர் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் எங்களைப் பார்ப்பார். அவர் மகள் மருத்துவக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறாள் என்று குறித்து வைத்திருந்தேன். அடுத்த மாதம் போனதும் அதைத்தான் முதலில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு கால் மணி நேரம் பேசினார்.

உன் மகள் கவனிக்க வேண்டியது எத்தனை தட்டில் வேலை முடிகிறது என்பதைத்தான். ஒரு சந்திப்பைக் குறிக்க நாட்குறிப்புப் பட்டனை அமுக்கு, நேரக் கோட்டைத் தொடு, எழுது. அவ்வளவுதான். 'சேமி' என்று ஒரு பட்டன் கிடையாது. எழுதியது எழுதியபடி இருக்கும். அதே பட்டனை மறுபடி அமுக்கினால் வாரம், இன்னொரு முறை அமுக்கினால் மாதம். வாரந்தோறும் வருவதை ஒரே முறை எழுதி, திரும்பத் திரும்ப வரச் சொல்லலாம். என் டூர் புரோகிராம் முழுக்க அப்படித்தான் ஓடியது. செய்ய வேண்டியவை பட்டியலில் ஒன்றிலிருந்து ஐந்து வரை அவசரம் குறிக்கலாம், முடிந்ததும் கட்டத்தில் டிக் போடலாம். நாட்குறிப்பு, முகவரி, பட்டியல், குறிப்பேடு, நாலே பட்டன். கண்ணால் பார்க்காமலே கட்டைவிரல் போய் நிற்கும்.

இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் மெஷின் வருவதற்கு முன்னாலேயே அதே அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, எழுதுவதுபோல் பாவனை செய்து பார்ப்பாராம். பையில் எப்படி உட்காருகிறது, எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்படிக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கட்டை உங்கள் அமெரிக்கப் பக்கத்தில், கலிஃபோர்னியா மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

அப்புறம் அந்த எழுத்து. 1993-ல் ஆப்பிள் நியூட்டன் என்று ஒன்று விட்டது. நாம் எப்படிக் கிறுக்கினாலும் தானே படித்துக்கொள்வதாகச் சொல்லி, பல சமயம் வேறு வார்த்தையாகப் படித்துப் பேர் கெட்டது. 1996-ல் வந்த பைலட் அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளவே இல்லை. 'கிராஃபிட்டி' என்று தனக்கொரு எழுத்து வைத்துக்கொண்டு, நீ இதைக் கற்றுக்கொள் என்றது. கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் கை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஏ என்றால் நடுக்கோடு இல்லாத கூரை. டி (T) என்றால் வலப்பக்கம் போய்க் கீழே இறங்கு. எஃப் என்றால் இடப்பக்கம் போய்க் கீழே இறங்கு. இடமிருந்து வலம் ஒரு கோடு போட்டால் இடைவெளி, வலமிருந்து இடம் போட்டால் அழிப்பு. எழுத்துக்கு இடப்பக்கக் கட்டம், எண்ணுக்கு வலப்பக்கக் கட்டம்.

குறுக்குத்துறை மண்டபப் படியில் உட்கார்ந்து நீ எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய். ஆற்றில் தண்ணீர் படி நனைய ஓடிக்கொண்டிருந்தது. எல் வரவில்லை என்று நான் திணறியபோது நீ சொன்னதை மறக்கவே முடியாது: "ட போடுடா, அது எல்லுன்னு எடுத்துக்கிடும்." போட்டேன், வந்தது. யூவுக்கு நம் ப. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் என் பெயரை முழுசாக எழுதிவிட்டேன். ஒரு வாரத்தில் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில், குலுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டெய்லி ரிப்போர்ட் எழுத முடிந்தது. ஒரு கருவி நம்மிடம் கொஞ்சம் உழைப்புக் கேட்டு, அதற்குச் சரியான கூலி கொடுத்துவிட்டால், அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது மாப்ளே. இதை உன் மகளிடம் அழுத்திச் சொல்.

திரை 160-க்கு 160 புள்ளி, கறுப்பு வெள்ளைதான். வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயிலில் அதை நன்றாகப் படிக்கலாம். இன்றைய போனைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. இருட்டிவிட்டால் பச்சைப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் பின்னால் வெளிச்சம் வரும். எனக்கு ஒரு ஜோடி பேட்டரி மூன்று வாரம் வந்தது. உள்ளே மொத்தம் 2 எம்பி நினைவகம். இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. எனக்கோ அதில் பாதிகூட நிறைந்ததில்லை.

அதற்குத் தமிழ் தெரியாது. எனக்கு இருந்த பெரிய மனத்தாங்கல் அது ஒன்றுதான். அம்மாவின் மருந்து நேரத்தைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தேன். நான் ஊரில் இல்லாத நாளில் அவள் எடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. கடைசியில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அடுக்களையில் மாட்டினேன். ஒரு கருவி எத்தனை எளிதாக இருந்தாலும், வீட்டில் எல்லோருக்கும் எளிதா என்று உன் மகள் கேட்டுப் பார்க்கட்டும்.

2002-ல் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது இருபது நாளுக்கு மேல் இதைத் தொடவில்லை. எடுத்துப் பார்த்தால் பேட்டரி முழுசாக இறங்கி, நானூறு பேரும் போய்விட்டார்கள். பேட்டரியைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு. ஆனால் வாரம் ஒரு முறை, மெஷினைக் கம்ப்யூட்டரோடு கோக்கும் தொட்டிலில் வைத்துப் பட்டனை அமுக்கு என்று நீ பழக்கியிருந்தாய். அந்த ஒரு பட்டனில் கம்ப்யூட்டரில் மாறியது இங்கேயும், இங்கே மாறியது அங்கேயும் போய்ச் சேரும். மறுநாள் வீட்டுக் கம்ப்யூட்டரோடு கோத்து அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் திரும்ப வந்துவிட்டார்கள், அந்த அம்பாசமுத்திரத்து டாக்டரின் மகள் உட்பட. அப்பா கட்டிலில் படுத்தபடியே என் முகத்தைப் பார்த்து, "கெடச்சிட்டாலே?" என்று கேட்டார்.

அந்தத் தொட்டில் எங்கே போனது என்று தெரியவில்லை. உன்னிடம் பழையது ஒன்று கிடந்தால் வரும்போது கொண்டுவா. இந்த நாளைய கம்ப்யூட்டரில் செருக ஒரு மாற்று வயரும் வேண்டும். உன் மகளும் கூட வந்தால் ரொம்ப நல்லது. அவள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்வேன், பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதன் காலண்டர் 2031 வரைக்கும் போகிறது. நேற்று ராத்திரி தேரோட்டத்து நாளைத் தேடி, உன் பெயரை எழுதிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. டி மட்டும் இரண்டாவது தடவைதான் சரியாக விழுந்தது.

அன்புடன்,
உன் கூட்டாளி