உன் கைக்கு ஏற்ற இயந்திரம்

அல்சூர், பெங்களூரு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். கனகபுரா தோட்டத்திற்கு மரம் அறுக்கும் இயந்திரம் வாங்கப்போவதாகவும், எஸ்.ஜே.பி. சாலைக் கடைக்காரர் 22 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) பொருத்திய 58 சிசி இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அதை வாங்க வேண்டாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது அவரல்ல.

நீ அடிக்கடி அறுக்கப்போகும் மரம் எதுவோ, அதுவே அளவைத் தீர்மானிக்க வேண்டும். வேலியோரச் சில்வர் ஓக்கின் பக்கக் கிளைகள், சுபாபுல், காற்றில் முறிந்து விழும் மாங்கிளை, விறகு ஆகியவைதாம் உன் வேலையில் பெரும்பகுதி. அடிமரத்தைச் சணல் கயிற்றால் சுற்றி அளந்து மூன்றால் வகுத்தால் விட்டம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 36 அங்குலச் சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 12 அங்குலத்திற்குச் சற்றே குறைவு. விட்டத்தைவிடப் பார் 2 அங்குலம் நீண்டிருந்தால் ஒரே பக்கம் நின்று அறுத்து முடிக்கலாம். ஆகவே 14 அங்குலம், மிஞ்சினால் 16. எஞ்சின் 35 முதல் 40 சிசி வரை போதும். எப்போதாவது பருத்த கட்டை ஒன்று விழுந்து கிடந்தால் இருபுறமும் மாறி நின்று அறுத்துக்கொள்ளலாம். நிற்கும் பெருமரத்தைச் சாய்ப்பது கைதேர்ந்த ஆளின் வேலை. அதற்குக் கூலி கொடுத்துவிடு.

எடையை நீ யோசித்ததாகத் தெரியவில்லை. கடைக்காரர் சொல்லும் இயந்திரம் பார், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்தால் 7 கிலோவை ஒட்டி வரும். அரை மணி நேரத்தில் தோள் சோர்ந்துவிடும், சோர்ந்த கையில்தான் விபத்து நேரும். பாரின் நுனியில் மேல் கால்பகுதி எதன்மீதாவது பட்டுவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். பார் நீளமாக இருந்தால் அந்த நுனி எதில் உரசப்போகிறது என்பதே புதிதாகப் பழகுபவருக்குத் தெரியாது. அப்படி எகிறும்போது செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே. முன்பக்கக் கைப்பிடியை இடக்கைக் கட்டைவிரலும் சுற்றிக்கொள்ளும்படி பிடி. தோளுக்கு மேலே ஒருபோதும் தூக்காதே. கண்ணாடியும் கனமான காலணியும் அணியாமல் இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுக்கவே கூடாது என்று மாப்பிள்ளையிடமும் சொல்.

பெட்ரோலில் எவ்வளவு டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது என்பதை இயந்திரத்தோடு வரும் கையேட்டில் பார். 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. செயினின் பல்லுக்குப் பொருந்தும் உருண்டை அரம் ஒன்றையும் சேர்த்து வாங்கு. அறுக்கும்போது சீவல் சீவலாக உதிராமல் மாவுபோல் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது அழுத்தி அறுக்காமல் நிறுத்தி அரம் போடு. தென்னந்தண்டு செயினை வெகு சீக்கிரம் மழுக்கும், அதனால் அதில் பழகாதே.

உயிருள்ள மரத்தில் கை வைக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி பல மரங்களை வெட்ட அனுமதி பெற வேண்டும், நம் சொந்த நிலத்தில் நிற்பவையாக இருந்தாலும்.

மரங்களின் சுற்றளவை எழுதி அனுப்பு. வியாழக்கிழமை சிட்டி மார்க்கெட் பக்கம் போகும்போது 14 அங்குல இயந்திரங்களைக் கையில் தூக்கிப் பார்த்து விலை கேட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா