காலி நாற்காலிக்கு ஆள் தேடுகிறீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியக நாளை முன்னிட்டுத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். படங்கள் பிரமாதம். எழுதியவர் உழைத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம்: “பள்ளிக் குழுக்கள் வராத மந்தமான நாட்களில் அரங்குகளை நிரப்ப, வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் கைகொடுக்கிறார்கள்.”

கைகொடுக்கிறார்களாம்! நாடகத்துக்குக் கூட்டம் சேராதபோது ஓசி டிக்கெட் கொடுத்து நாற்காலியை நிரப்புவார்களே, அந்த வரிசையில் என் பேரப்பிள்ளைகளையும் உட்கார வைத்துவிட்டார் தங்கள் கட்டுரையாளர். மிக்க நன்றி.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பள்ளிக்கூடத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அது போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டேன். என் மகளும் மாப்பிள்ளையும் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிக்கிறார்கள். அது சரியா தவறா என்று இங்கே வழக்காட வரவில்லை. கணக்கு மகளின் பொறுப்பு, அறிவியல் மாப்பிள்ளையின் பொறுப்பு, அருங்காட்சியகம் என் பொறுப்பு. ஆகவே இந்த விஷயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மந்தமான நாளைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரங்குக்குள் போக அதைவிட நல்ல நாள் ஏது? பள்ளிக் குழுவை நடத்திப் போனவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. வாசலில் ஒரு தலை எண்ணிக்கை, மாடிப்படியில் இன்னொன்று, பஸ் கிளம்பும் நேரம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், முன்னால் போகிற வரிசை மம்மியைப் பார்க்கும்போது பின்னால் வருகிற வரிசை கழிப்பறையைத் தேடும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. ஒரே கண்ணாடிப் பேழையின் முன் அரை மணி நேரம் நிற்கலாம். தம்பிக்கு அக்கா விளக்கலாம். பெற்றவர் பக்கத்திலேயே நின்று கேட்டு, வீட்டுக்குப் போய் அதைத் தொடரலாம். பள்ளிக்குக் கிடைக்காத இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை, அருங்காட்சியகம் என்ன செய்கிறது தெரியுமா? சின்னதாக ஒரு பள்ளிக்கூடமாக்கி, பள்ளிக்கு வைத்திருந்த அதே நிகழ்ச்சியை, அதே கடிகாரத்தோடு ஓட்டிவிடுகிறது.

முன்பதிவுப் படிவத்திலிருந்தே தொடங்குகிறது கூத்து. “பள்ளியின் பெயர்” என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். தொலைபேசியில் அழைத்து, “பள்ளியின் பெயரை எழுத மறந்துவிட்டீர்கள் ஐயா” என்றார் ஒரு பெண். மறக்கவில்லை அம்மா, பள்ளி இல்லை என்றேன். “சரி, பொறுப்பாசிரியரின் கடிதம் பள்ளியின் முத்திரையோடு வேண்டும்.” என் மகள்தான் ஆசிரியர், அவளேதான் தலைமையாசிரியர், முத்திரைக்கு எங்கே போவாள்? கடைசியில், குறைந்தது இருபது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று முடிந்தது. சேர்த்தோம். ஊரெல்லாம் விசாரித்து, எங்களைப் போன்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்தோம். வாசலுக்குப் போனால், “இது ஏழாம் வகுப்புக்கான நிகழ்ச்சி, சின்னவர்கள் வெளியே இருக்கட்டும்.” ஒரு வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வயதில் பிறப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. பள்ளி ஆசிரியருக்கு அனுமதி இலவசம். பிள்ளையின் தாய்க்கு டிக்கெட். தாத்தாவுக்கும்தான்.

உள்ளே போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய கற்கால அரங்கில் ஒரு கைக்கோடரி. அடி கனத்து, நுனி குறுகி, இரு பக்கமும் சில்லு சில்லாகக் கொத்தப்பட்ட கல். பேத்தி அதன் முன் நின்றுவிட்டாள். தன் இடது கையை மடக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே அதைப் பிடிப்பதுபோல் வைத்துப் பார்த்தாள். பிறகு, “இதைச் செய்தவர் என்னைப் போல இடதுகைக்காரராக இருந்திருப்பாரா?” என்று கேட்டாள். வழிகாட்டி அம்மையாரின் பதில்: “பயிற்சித்தாளில் மூன்றாவது கோடிட்ட இடம் இன்னும் நிரப்பவில்லையே, சீக்கிரம்.” அந்தக் கோடிட்ட இடத்துக்கான விடை பேழையின் அட்டையிலேயே அச்சாகியிருந்தது. பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. அவள் கேட்டதோ, தொல்லியல் அறிஞர்கள் கற்சில்லுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து ஆராய்ந்த கேள்வி.

பதில் சொல்ல முயன்றவர் அங்கே நின்ற காவலர் ஒருவர்தான். தன் டார்ச் விளக்கைப் பேழையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தார். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு கொத்தின் தழும்பும் நிழலோடு எழுந்து வந்தது. “எந்தப் பக்கமிருந்து தட்டியிருக்கிறான் என்று நீயே பார், பாப்பா” என்றார். அவருக்கு யாரும் கல்விப் பிரிவு என்று பெயர்ப்பலகை மாட்டவில்லை.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை ஐயா. 1899ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி தன் லட்சியப் பள்ளிக்கு வரைந்த படத்தில் மேல்மாடியின் நடுவே அருங்காட்சியகத்தைத்தான் வைத்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1969இல், தொட்டும் செய்தும் பார்க்கிற எக்ஸ்ப்ளோரடோரியம் என்னும் அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கிய இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர், அருங்காட்சியகத்தில் யாரும் தேர்வில் தோற்றதில்லை என்பார். அவரும் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் வகுத்த முறையில் பிள்ளைகளிடம் கேட்பது மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்ணில் படுகிறது? இதற்குப் பயிற்சித்தாள் எதற்கு? நான்கு வயதுப் பேரனும் பதில் சொல்வான், நானும் சொல்வேன். வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்னும் பழைய ஊரையே அருங்காட்சியகமாக வைத்திருப்பவர்கள், வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே தனி நாட்கள் நடத்துகிறார்கள். குடும்பம் குடும்பமாகத்தான் போகிறார்கள்.

2022இல் பிராகாவில் கூடிய அனைத்துலக அருங்காட்சியக மன்றம் தந்த புதிய வரையறையைத் தங்கள் கட்டுரையே எடுத்துக்காட்டியிருந்தது. எல்லோருக்கும் திறந்தது, எவரும் அணுகக்கூடியது, எவரையும் விலக்காதது. படிக்க இனிப்பாக இருந்தது. பள்ளியின் பெயர் மட்டும் தவறாமல் எழுத வேண்டும்.

சொல்ல வந்தது இவ்வளவுதான் என்றாலும், பேனா எடுத்ததற்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பொருமுறை தங்கள் தலையங்கம் வீட்டுக்கல்வியைப் ‘புது மோகம்’ என்று தள்ளியது. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே இதற்கு இடம் கொடுத்தது, அமெரிக்காவில் 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது என்று அப்போதே எழுதினேன். தாங்கள் வெளியிட்டது என் கடிதத்தின் முதல் இரண்டு வரிகளை. அதாவது, தலையங்கத்தின் நடை அழகைப் பாராட்டிய இரண்டு வரிகளை. தேர்வுக்காலத்தில் பக்கம் பக்கமாக மாதிரி வினாத்தாள் போட இடமிருக்கிற பத்திரிகையில் அதற்கு மேல் இடமில்லாமல் போயிருக்கலாம். வருத்தமில்லை.

வழிகாட்டிகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பள்ளிக்குப் போகாவிட்டால் நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?” பிள்ளைகளின் எதிரிலேயே கேட்பார்கள். இப்போதெல்லாம் பேத்தியே பதில் சொல்லிவிடுகிறாள். அதோ நிற்கிறார்களே என்று மற்றப் பிள்ளைகளைக் காட்டுவாள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுப்பார்கள். வெளியே நிறுத்திய சின்னவர்களையும் அப்போது மறக்காமல் உள்ளே கூப்பிடுவார்கள். ஆண்டறிக்கைக்கு வேண்டுமாம்.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வார இறுதியில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் அருங்காட்சியக நிகழ்ச்சிகளைப் போடுகிறீர்கள் அல்லவா? நேரத்தையும் இடத்தையும் போடும்போது, எந்த வயதுக்கு, குடும்பமாக வரலாமா, பள்ளிக் கடிதம் கட்டாயமா என்று அங்கே ஒரு வார்த்தை விசாரித்து அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளையோடு வாசல்வரை போய்த் திரும்பி வருவது எங்களுக்காவது மிச்சமாகும். இந்தக் கடிதத்தை வெளியிட்டால், தயவுசெய்து படங்களைப் பாராட்டிய வரியை முதலில் வெட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன்