காந்தப் படுக்கை விற்பனை: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய், மூட்டுவலி, ரத்தக் கொதிப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று திருமண மண்டபங்களில் கூட்டம் கூட்டி விற்கப்படும் காந்தப் படுக்கைகளைப் பற்றி எழுதுகிறேன். பணம் பறிபோவது மட்டுமே சிக்கல் என்றால் நுகர்வோர் மன்றம் போதும். சிலருக்கு உயிராபத்தும் இருப்பதால்தான் தங்கள் துறையை நாடுகிறேன்.

நான் பார்த்த கூட்டத்தில், விற்பனையாளர் ஒரு காந்த வில்லையில் ஆணியை ஒட்டவைத்துக் காட்டிவிட்டு, “ரத்தத்துல இரும்பு இருக்குல்ல, அதைக் காந்தம் இழுக்காதா?” என்று கேட்டார். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் ஆணியிலுள்ள இரும்பு காந்தத்துக்கு வசப்படுவதுபோல, ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு வசப்படுவதில்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் காந்தத்தால் மிக மெலிதாக விலக்கப்படும் டயா காந்தப் பொருள் என்பதையும், ஆக்சிஜனை இறக்கியபின் மிக மெலிதாக ஈர்க்கப்படும் பாரா காந்தப் பொருளாகிறது என்பதையும் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் 1936-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். எம்ஆர்ஐ கருவியின் காந்தப் புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தப் புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அதற்குள் படுத்து எழுந்தவருக்குச் சர்க்கரை குணமானதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

மின்காந்தப் புலம் திசுக்களை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுசேராத எலும்பு முறிவுகளுக்குத் துடிப்புக் காந்தப் புலக் கருவியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979-இல் ஏற்றது. மனச்சோர்வுக்கு மூளையைக் காந்தத் துடிப்பால் தூண்டும் சிகிச்சைக்கு 2008-இல் அனுமதி அளித்தது. இவற்றில் புலம் நொடிக்கு நொடி மாறுகிறது; மாறும் புலம் திசுவுக்குள் மின்புலத்தைத் தூண்டுகிறது; அது போதிய வலுவோடு இருந்தால், நரம்புச் செல்லின் சவ்வில் நிலவும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் குலைத்து நரம்பைக் கிளர்த்துகிறது. பஞ்சுக்குள் அசையாமல் கிடக்கும் காந்தத்தால், அதன்மேல் அசையாமல் தூங்குபவரின் செல்லில் இது நடக்க வழியில்லை. முதல்வகைக் கருவிகளுக்குக் கிடைத்த நற்பெயரை இரண்டாம் வகைச் சரக்குக்குப் பூசி விற்பது சாமர்த்தியம்தான், மருத்துவம் அல்ல.

நோயைத் தொடாத அதே காந்தம் உடலுக்குள் பதித்த கருவியைத் தொட்டுவிடும். பேஸ்மேக்கருக்கு அருகே காந்தம் வந்தால், பெரும்பாலான கருவிகள் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை விட்டு, ஒரே வேகத்தில் துடிப்பூட்டத் தொடங்கும். மருத்துவர்கள் இதைத் தெரிந்தே சோதனைக்குப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே பதித்த டிஃபிப்ரிலேட்டரோ, ஆபத்தான வேளையில் தரவேண்டிய மின்னதிர்ச்சியையே தராமல் நின்றுவிடக்கூடும். இதற்கு 1 மில்லிடெஸ்லாவைச் சற்றே தாண்டிய புலம் போதுமானதாகிவிடலாம். மூளையில் சேரும் நீரை வடிக்கப் பொருத்திய சில வால்வுகளின் அமைப்பும் காந்தத்தால் மாறிவிடும். இதய நோயாளிகளைக் குறிவைத்தே பேசப்பட்ட அந்த மண்டபத்தில், “பேஸ்மேக்கர் வைத்தவர் யாரேனும் உண்டா?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. மருந்து மற்றும் மந்திர நிவாரண (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954, உடலின் இயக்கத்தை மாற்றுவதற்கென்று தரப்படும், உணவல்லாத எந்தப் பொருளையும் ‘மருந்து’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. நீரிழிவு, ரத்த அழுத்தம், பக்கவாதம், இதய நோய் ஆகியவை அதன் அட்டவணையிலேயே உள்ளன. வாயால் சொல்வதும் அச்சட்டப்படி விளம்பரமே என்பதால் (புகையால் எழுதிக் காட்டுவதைக்கூட அது விட்டுவைக்கவில்லை), துண்டறிக்கை இல்லை என்று விற்பவர்கள் நழுவ முடியாது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு.

ஆகவே, தங்கள் ஆய்வாளர்கள் இக்கூட்டங்களுக்கு நேரில் சென்று பேச்சைப் பதிவுசெய்து வழக்குத் தொடர வேண்டும் என்றும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கான எச்சரிக்கையைத் தமிழில் வெளியிட்டு அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளில் ஒட்டச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வழக்கு முடியக் காலமாகலாம். எச்சரிக்கையை இந்த வாரமே ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்