மாவு டப்பாவோடு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா? மூன்று வாரமாக உன் போன் இல்லை. உனக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்று மாப்பிள்ளை மெசேஜ் போட்டிருந்தார். சரி, இருக்கும்.

கூரியரில் சத்துமாவு அனுப்பியிருக்கிறேன். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் தனித்தனியாக வறுத்துத் திரித்தது. வேர்க்கடலையை மாவோடு சேர்த்தே அரைத்துவிட்டேன். முழுக் கடலையை அவன் கையில் கொடுக்காதே, நாலு வயது தாண்டட்டும். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். திராட்சையையும் நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடு. எத்தனை தடவை சொல்வாய் என்பாய். சொல்லத்தான் செய்வேன்.

சாப்பாட்டு நேரத்தில் குட்டிக்குப் போன் காட்ட வேண்டாம் என்று நான் சொன்னதில்தான் உனக்குக் கோபம் என்று தெரியும். எட்டரைக்கு மீட்டிங், அதற்குள் அவனுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, கிரெஷில் விட்டு வருகிறாய். உன் வயதில் எனக்கு ஆச்சி துணை இருந்தாள். உனக்கு அங்கே யாரும் இல்லை. ஒற்றையாளாக நீ சமாளிப்பதை நான் பார்க்காமல் இல்லை. தெருவில் கேட்கிறவர்களிடம் எல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. அவன் ஒரு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம் போன் ஓடுகிறது.

அவனோடு விளையாடப் பொம்மையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். காய் வாங்கி வந்ததும் பையைத் தரையில் கவிழ்த்துவிடு. உருளைக்கிழங்கு ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், வெண்டைக்காய் ஒரு பக்கம் என்று அவனே பிரிக்கட்டும். நீ முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லு. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் அரை மணி நேரம் உருட்டுவான். குளிக்கும்போது இரண்டு டம்ளர் கொடு, இதிலிருந்து அதில் ஊற்றட்டும். பக்கத்தை விட்டு நகராதே, குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வை.

எல்லாவற்றையும் விட நல்லது உள்ளங்கையில் பருப்பு கடைகிற விளையாட்டு. சின்ன வயதில் உனக்கு அது எத்தனை தடவை ஆடினாலும் போதாது. அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டு, நண்டு கைமேல் ஊர்ந்து வருகிற நேரத்தில் முழங்கையிலேயே விரலை நிறுத்திவிடு. ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார். மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணு. ‘ம்’ என்றாவது சொல்வான், கையையாவது நீட்டுவான். அதற்கப்புறம்தான் கிச்சுகிச்சு. பால்வாடியில் வாயே திறக்காமல் வந்த பிள்ளைகளை நான் பேசவைத்தது இப்படித்தான். நாம்தான் பொறுக்க மாட்டாமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசு. பின்னாலிருந்து பேசாதே.

வீட்டில் தமிழ், கிரெஷில் இங்கிலீஷ், கீழ்வீட்டில் கன்னடம், அதனால்தான் பேச்சு தாமதம் என்று நீ சொன்னாய். என் பால்வாடி சென்டரில் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எப்போதும் இருப்பார்கள். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது. குட்டிக்கு இரண்டு வயது நாலு மாதம் ஆகிறது. ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டிய வயது. அவன் உன் கையைப் பிடித்து பிரிட்ஜ் பக்கம் இழுக்கிறான். போனைக் கையில் கொடுத்தால் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொள்கிறான்.

பாப்பா, பொங்கலுக்கு வந்தபோது அடுக்களையில் தாம்பாளம் விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மாடியில் இருந்த நீ ஓடி வந்தாய். தெருநாய் குரைத்தது. அவன் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளரை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் தாம்பாளத்தைத்தான் எடுத்து வைத்தோம்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அப்பாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது சென்டருக்கு மேலத்தெருவிலிருந்து ஒரு பையன் வந்தான். மூன்று வயது. எடை சரியாக இருந்தது, மாதாமாதம் தராசில் நிறுத்திப் பதிவேட்டில் எழுதினேன். மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுவான், கை தட்டினால் தட்டுவான். அவன் அம்மா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டீச்சர், பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான்” என்றாள். நான் சிரித்துக்கொண்டே, “ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான், பயப்படாத” என்றேன். அவள் நம்பிப் போய்விட்டாள். அவனுக்குக் காது கேட்கவில்லை என்று ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பாளையங்கோட்டை காதுகேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். நன்றாகப் படித்தான். இப்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கையை நெஞ்சில் வைத்து என்னைப் பார்த்துச் சிரிப்பான். அவன் அம்மா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் செய்தான், நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். 30 வருஷம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தவள் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அந்த மூன்று வருஷம்தான் நினைவுக்கு வரும்.

அதனால் கேட்கிறேன். குட்டிக்குக் காது டெஸ்ட் எடுத்துவிடு. பெரா என்பார்கள். தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள், வலிக்காது. பிறந்த குழந்தைக்கே இப்போது காது பார்க்கிறார்கள். சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் மந்தமாகும், அதைச் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் என்றாலும் கருவி இருக்கிறது, சீக்கிரம் வைக்க வைக்கப் பேச்சு வரும். உங்களுக்குப் பக்கத்தில் மைசூரில் பேச்சுக்கும் காதுக்கும் என்றே மத்திய அரசு நிறுவனம் 1965-லிருந்து இருக்கிறது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் நீ என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் வளர்ப்பில் குறை என்று ஒருநாளும் நினைக்காதே. போன் கொடுத்ததால் காது மந்தமாகாது. நான் அன்று போனைப் பற்றிப் பேசியதே இதைச் சொல்ல முடியாமல்தான்.

மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வை, கட்டி தட்டாது. டெஸ்டுக்குத் தேதி வாங்கியதும் சொல்லு, நெல்லையிலிருந்து ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மிஸ்டு கால் போதும், புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
அம்மா