பேப்பர்ல தப்பா வந்ததுக்கு லைன் பையன திட்டாதீங்க

வணக்கம்ங்க,

பிடமனேரி, குமாரசாமிப்பேட்டை, அன்னசாகரம்னு நம்ம லைன்ல தர்மபுரி டவுனுக்குள்ள பேப்பர் வாங்குற எல்லா வீட்டுக்கும் இந்த மாச பில்லோட சேத்து இந்த லெட்டரும் வருது. பில்ல எடுத்துட்டு இத கசக்கி போட்டுடாதீங்க, ஒரு தடவ படிச்சிருங்க.

போன மாசம் நடந்தது பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும். எந்தத் தெருன்னு எழுத மாட்டேன், எழுதினா நானும் அதே தப்ப பண்ணவன் ஆயிருவேன். 15 வயசு பையன் ஒருத்தன ஒரு விஷயமா விசாரிக்க கூட்டிட்டு போய் சாயங்காலமே விட்டுட்டாங்க, ஆனா மறுநாள் ஒரு பேப்பர்ல அவன் பேரு, படிக்கிற ஸ்கூலு, அப்பா என்ன தொழிலுங்கற வரைக்கும் போட்டுட்டாங்க. காலைல ஆறு மணிக்கு அப்பாக்காரர் பேப்பர் போடுற நம்ம லைன் பையனோட சைக்கிள புடிச்சு நிறுத்தி, சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிட்டாரு. அந்தத் தெருவுல 11 வீடு அன்னிக்கே பேப்பர நிறுத்திட்டாங்க, இதுல நாலு வீடு அந்தப் பேப்பரே வாங்குறவங்க இல்ல, அது வேற விஷயம்.

கோவம் நியாயம்தாங்க. ஆனா பேப்பர் கட்டு சேலத்துல இருந்து வருது, தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி கவுந்து கெடந்தா அன்னிக்கு வண்டியே லேட்டு, வந்ததும் இணைப்ப செருகி எண்ணி பிரிச்சு பையனுங்கள அனுப்புறதுக்குள்ள விடிஞ்சிரும், உள்ள என்ன போட்டிருக்கான்னு நாங்க பாக்குறதே உங்களுக்கு அப்புறம்தான்.

அப்ப யாரத்தான் கேக்கறது? அதுக்குதான் இந்த லெட்டர். எந்தப் பேப்பரா இருந்தாலும் எங்கயாவது ஒரு மூலைல, பெரும்பாலும் கடைசிப் பக்கம் அடியில, எறும்பு சைஸ்ல ரெண்டு மூணு வரி இருக்கும், அச்சிட்டு வெளியிடுபவர் யாரு, ஆசிரியர் யாரு, எந்த விலாசம்னு. அத போடாம பேப்பர் நடத்தவே முடியாது, 1867லயே வந்த சட்டம், இப்ப அதுக்கு பதிலா 2023ல புது சட்டம் வந்திருக்கு. 20 வருசமா பேப்பர் போடுற நானே அந்த வரிய ஒழுங்கா படிச்சது போன மாசந்தான், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

மறுநாள் அந்த அப்பா எங்க கடைக்கே வந்தாரு, மன்னிச்சுக்கப்பான்னு பையன்கிட்டயும் சொன்னாரு. உக்காந்து ஆசிரியருக்கு லெட்டர் எழுதினோம். எந்த தேதி, எத்தனாவது பக்கம், எந்த வரி, அதுல என்ன தப்பு, என்ன பண்ணனும்னு கேக்கறோம், அவ்ளோதான், திட்டு ஒண்ணும் வேணாம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74னு ஒண்ணு இருக்கு, விசாரணையில மாட்டுன 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களோட பேரு, விலாசம், ஸ்கூலு, போட்டோன்னு அடையாளம் தெரியற மாதிரி எதையும் போடக்கூடாது, போட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். பேப்பர் கட்டிங்க ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புனோம்.

பேப்பர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. "என் பையன் ஒண்ணும் பண்ணலன்னு அவன் பேரோட அதே எடத்துல போடுங்க"ன்னாரு அப்பா. அந்தப் பக்கம், "சார், பேர மறுபடி போட்டா மறுபடியும் அதே தப்புதான்"னாங்க. தப்பிக்க பாக்கறாங்கன்னுதான் மொதல்ல நெனச்சேன், யோசிச்சு பாத்தா அவங்க சொன்னது சரி. ஒன்பதாவது நாள் உள்பக்கத்துல அஞ்சு வரி வருத்தம் வந்துச்சு, நெட்ல இருந்தும் அந்த செய்திய எடுத்துட்டாங்க. தப்பு வந்தது அரைப் பக்கம், வருத்தம் அஞ்சு வரி. அவருக்கு ஆறல, எனக்கும்தான்.

அதனால அடுத்து இந்திய பத்திரிகை கவுன்சிலுக்கு, அதாவது பேப்பர் மேல வர்ற புகார விசாரிக்கற அமைப்புக்கு, எழுதலாம்னு இருக்காரு. டெல்லி லோதி ரோடு சூச்னா பவன்ல இருக்கு, 1966ல ஆரம்பிச்சு, எமர்ஜென்சில கலைச்சு, 1978 சட்டத்துல திரும்ப வந்தது. மொதல்ல ஆசிரியருக்கு எழுதியிருக்கணும், அந்த காப்பி வேணும், கட்டிங் வேணும், தமிழ் கட்டிங்னா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், கோர்ட்ல கேஸ் எதுவும் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். தினசரி, வாரப் பத்திரிகைக்கு செய்தி வந்து ரெண்டு மாசத்துக்குள்ள போயிரணும், மத்ததுக்கு நாலு மாசம். அவங்களால அபராதம் போட முடியாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்ளோதானான்னு கேட்டா அவ்ளோதான். ஆனா அந்தக் கண்டனத்த அதே பேப்பர்லயே போடச் சொல்ல அதிகாரம் இருக்கு, அது அஞ்சு வரிய விட கனமா இருக்கும்னு நெனைக்கறேன். டிவி நியூஸுக்கு இவங்க வர மாட்டாங்க, அதுக்கு ஒளிபரப்பாகி ஏழு நாளுக்குள்ள சேனலுக்கே எழுதணும்.

இனி எங்க தப்பு. ரெண்டு மாசம் முன்ன பேப்பருக்குள்ள சுகர 40 நாள்ல அடியோட நிறுத்தறோம்னு ஒரு நோட்டீஸ் வந்துச்சே, அத எந்தப் பேப்பர்காரரும் போடலங்க, காசு வாங்கிட்டு செருகுனது நாங்க. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் கையில எடுத்துட்டே வந்து, "ஏம்ப்பா, அவங்கள கேள்வி கேக்க லெட்டர் எழுதித் தர்ற, இதுக்கு யார கேக்கறது?"ன்னாரு. பதில் இல்ல. சுகர குணப்படுத்தறோம்னு விளம்பரம் பண்றதே 1954ல வந்த மருந்து விளம்பரச் சட்டப்படி குத்தமாம். அந்த நோட்டீஸ நம்பி யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா தயவுசெஞ்சு ஒடனே உங்க டாக்டர பாருங்க. இனிமே மருந்து நோட்டீஸ், ஒரு மணி நேரத்துல கடன்ங்கற நோட்டீஸ், அச்சகம் பேரே இல்லாத நோட்டீஸ் எதையும் செருக மாட்டோம். துணிக்கடை, டியூஷன் நோட்டீஸ் வரும், அது எங்க டீச்செலவு.

கடையில ஒரு நோட்டு வெச்சிருக்கோம், தப்பு கண்டுபுடிச்சா வந்து எழுதுங்க, லெட்டர் எழுத நாங்க ஒத்தாசை பண்றோம். பழைய பேப்பர மாசா மாசம் எடைக்கு போட்டுட்டு இருந்தோம், இனி மூணு மாசம் வெச்சிருப்போம், கட்டிங் வேணும்னா எடுத்துக்கங்க, காசு வேணாம்.

நிறுத்துன 11 வீட்ல ஆறு வீடு திரும்ப வாங்குறாங்க. அந்தப் பையன் வீட்ல இன்னும் இல்ல, கேக்கவும் எங்களுக்கு மனசு வரல.

லைன் பையனுக்கு அடுத்த வாரம் செமஸ்டர் பரீட்சை, பேப்பர் அரை மணி நேரம் லேட்டா வரும், கொஞ்சம் பொறுத்துக்கங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர் கடைக்காரங்க, தர்மபுரி