வசந்தாவுக்கு ஒரு புலிக் கதை

அன்புள்ள வசந்தா,

முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. உன் வீட்டுக்கார அண்ணன் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. போனில் பேசிய இரண்டு முறையும் நான் அழுதேன், நீ எனக்குச் சமாதானம் சொன்னாய். இந்த லட்சணத்தில் கடிதம் வேறு எதற்கு என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அது ஒரு புலி.

லண்டனில்தான் இருக்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, குளிர் அதற்கு மேல். மகனும் மருமகளும் சௌக்கியம். மருமகள் வைக்கும் ரசத்தைப் பற்றித் தனிக் கடிதமாக எழுதுகிறேன், இதில் இடம் போதாது. யாழினிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. எனக்கு இங்கே ஒரே உத்தியோகம், அவளுக்குக் கதை வாசிப்பது. பக்கத்து நூலகத்திலிருந்து படப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவோம். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். ஜெயசீலி டீச்சர் கேட்டால் என் மொழிபெயர்ப்புக்குப் பத்துக்கு மூன்று போடுவாள்.

அப்படிக் கிடைத்ததுதான் டீ குடிக்க வந்த புலியின் கதை. ஜூடித் கெர் என்ற அம்மாள் எழுதிப் படமும் வரைந்து 1968இல் வந்த புத்தகம். சோஃபி என்ற சிறுமியும் அவள் அம்மாவும் டீ குடிக்க உட்காருகிறார்கள். வாசலில் மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் புலி! பசிக்கிறது, உங்களோடு டீ குடிக்கலாமா என்று மரியாதையாகக் கேட்கிறது. அந்த அம்மாவும், வாங்க உட்காருங்க என்கிறாள். நம் வீட்டுக்கு வந்த சுப்பையா மாமா மாதிரி, தட்டில் இருப்பதெல்லாம் காலி, அடுப்பில் இருப்பதும் காலி, ஃப்ரிட்ஜும் காலி. அப்பாவின் பீர் முழுவதையும் குடித்துவிடுகிறது. நான் நாகரிகம் கருதி அதை ‘அப்பாவின் மோர்’ ஆக்கினேன். யாழினி படத்தில் விரலை வைத்து, “பாட்டி, அது பீர்” என்றாள். சமையலறையில் மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மகன் மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

கடைசியில் புலி குழாய்த் தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிடுகிறது. அது எப்படி நடக்கும் என்று பதிப்பகத்தில் சந்தேகம் கேட்டார்களாம். மே மாதத்தில் உன் தெருக் குழாயைக் காட்டியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் புலி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. இராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை. அப்பா வந்து, சரி வாங்க, ஓட்டலுக்குப் போவோம் என்கிறார். மறுநாள் கடைக்குப் போய், அடுத்த தடவைக்கென்று ஒரு பெரிய டப்பா புலித் தீனி வாங்கி வைக்கிறார்கள். புலி திரும்ப வரவேயில்லை. அவ்வளவுதான் கதை!

‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று முப்பத்திரண்டு வருஷம் கேள்வித்தாளில் எழுதியவள் நான். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. அந்தப் புலிக்குப் பெரிய அர்த்தம் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். எழுதியவரின் கதை அப்படி. பெர்லினில் பிறந்த யூதக் குழந்தை அவர். அப்பா ஆல்ஃபிரட் கெர் பெயர்பெற்ற நாடக விமர்சகர், நாஜிகளை எதிர்த்து எழுதியவர். 1933இல், உங்கள் பாஸ்போர்ட்டைப் பறிக்கப் போகிறார்கள் என்று ஒரு போலீஸ்காரர் போனில் எச்சரித்தாராம். காய்ச்சலோடு படுத்திருந்த மனிதர் உடனே ரயிலேறி நாட்டை விட்டே போனார். பிறகு அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்விட்சர்லாந்து போய் அவரோடு சேர்ந்தாள். ஜூடித்துக்கு அப்போது ஒன்பது வயது. கொண்டுபோக ஒரு பொம்மை என்றதும், புதிதாக வந்த நாய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு, பழைய இளஞ்சிவப்பு முயலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது குழந்தை. அந்த முயலை ஹிட்லர் திருடிக்கொண்டான் என்று பின்னாளில் ஒரு நாவலுக்கே பெயர் வைத்தார். அப்பாவின் புத்தகங்களை ஜெர்மனியில் நெருப்பில் போட்டார்கள். ஆகவே வீட்டுக்குள் நுழைந்து எல்லாவற்றையும் விழுங்கும் அந்தப் புலி நாஜிப் போலீஸ்தான் என்றார்கள். அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவே இல்லை. புலி என்றால் புலிதான் என்று முடித்துவிட்டார். கணவர் வெளியூர் போயிருந்த நாட்களில், மத்தியானம் போரடிக்கும்போது யாராவது வரமாட்டார்களா என்று தன் சின்ன மகளுக்குச் சொன்ன கதையாம் அது.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். ஸ்விட்சர்லாந்து, பாரிஸ் என்று அலைந்து 1936இல் லண்டன் வந்து சேர்ந்த குடும்பம். கையில் காசில்லை. பாரிஸில் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துவிட்டு, அகதியாக இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். அவள் அப்படிச் சொல்கிற மாதிரி அப்பாவும் அம்மாவும் கஷ்டத்தை முந்தானைக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள், பார். அத்தனை அவசரத்திலும் அம்மா மகளின் கிறுக்கல் படங்களை மறக்காமல் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாளாம். இன்று அவை நியூகாஸிலில் ஒரு காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாம் பிள்ளைகளின் நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டோம்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், நீ ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். அந்த அம்மாளின் மகன் படிக்கப் பழகும்போது பள்ளிக்கூடப் பாடப் புத்தகம் அவனுக்குச் சலித்துப்போயிற்றாம். அதனால் எளிய சொற்களாகப் பொறுக்கி, மாக் என்ற மறதிக்காரப் பூனையின் கதையை எழுதினார், 1970இல். படத்தில் தெரிவதை எழுத்தில் சொல்லக்கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. எழுத்துக் கூட்டித் திணறிப் படித்த பிள்ளைக்கு, ஏற்கெனவே கண்ணால் பார்த்ததே கிடைத்தால் ஏமாற்றம்தானே? ‘இது பந்து, பந்து உருண்டை’ என்று நாம் போட்ட போர்டை நினைத்துக்கொண்டேன்.

அந்த மாக் தன் கதவு எங்கே என்று மறந்துபோய்க் கத்தித் தொலைக்கும். அப்படிக் கத்தியே ஒரு திருடனைப் பிடித்துக் கொடுக்கும். அதற்குப் பரிசு ஒரு பதக்கமும் தினம் ஒரு முட்டையும். வரிசையாகப் பல புத்தகங்கள். 2002இல், தனக்கு எண்பதை நெருங்கும் வயதில், அந்த அம்மாள் பூனையைச் சாகடித்துவிட்டார். குழந்தைப் புத்தகத்தில், அதுவும் எடுத்த எடுப்பிலேயே! மாக் களைத்துப்போய் என்றைக்குமாகத் தூங்கிவிடுகிறது. ஆனால் அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்க, அதில் கொஞ்சம் மட்டும் விழித்திருக்கிறது. வீட்டுக்கு வந்த புதுக் குட்டி மிரண்டு ஒளிவதைப் பார்த்து, அதைப் பழக்கிவிட்டுத்தான் கிளம்புகிறது.

அந்தப் புத்தகத்தை யாழினியின் கண்ணில் படாமல் துணி அலமாரியில் ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன். என் குரல்தான் உடைந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்போ அந்த முட்டையை இனிமே யார் சாப்பிடுவா?”

வசந்தா, நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். அந்த அம்மாளின் கணவர் நைஜல் நீல் தொலைக்காட்சிக்கு நாடகங்கள் எழுதியவர். 1954இல் கல்யாணம், 2006இல் அவர் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வருஷம். 2011இல் ஒரு புத்தகம் வந்தது, ‘என் ஹென்றி’ என்று. ஒரு கிழவி டீக்காக நாற்காலியில் காத்து உட்கார்ந்திருக்கிறாள். பாவம், தனியாக இருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அவளோ செத்துப்போன கணவரோடு எவரெஸ்ட் ஏறிக்கொண்டிருக்கிறாள், டைனோசரோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள். சிரித்துச் சிரித்துப் படித்தேன், பாதியில் மூக்கைச் சிந்தினேன்.

உன்னைத்தான் நினைத்தேன். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டாயே. அண்ணனுக்கு எவரெஸ்டெல்லாம் ஆகாது, மூச்சு வாங்கும். குற்றாலம் போதும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் ஒரு மணி நேரம், அப்புறம் பார்டர் கடையில் பரோட்டா. நீ வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே மூன்றாவதுக்கு இலையை நகர்த்துவாய்.

ஹென்றி புத்தகத்தை மருமகளின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமை ஊருக்கு வருகிறான். இங்கிலீஷ் ஒன்றும் கஷ்டமில்லை, படங்களே பாதி சொல்லிவிடும். பென்சிலில் எதுவும் எழுதி வைக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இனிமேல் சாயங்காலத்தில் போன் பண்ண மாட்டேன். காலையில் பேசுகிறேன், எங்கே போய்வந்தீர்கள் என்று சொல்.

அன்புடன்,
ராஜி

பி.கு. மஞ்சள் குடை என்னிடம் இல்லை. எத்தனை வருஷம்தான் கேட்பாய்?