டாக்கிங் ஸ்டேஷன் பெட்டியில் முழு விவரம் அச்சிடப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். மடிக்கணினியோடு ஒரு பெரிய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், கோப்புகளைச் சேமிக்கும் வெளி ஹார்டு டிஸ்க், இணையத்துக்கான லேன் கேபிள் ஆகிய அனைத்தும் எனக்கு நாள்தோறும் வேண்டும். இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகளில் இரண்டு மூன்று துளைகளே இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே டைப்-சி கேபிளில் இணைத்துத் தரும் டாக்கிங் ஸ்டேஷன் (சுருக்கமாக டாக்) ஒன்றை வாங்கினேன். அதில் நான் பட்ட சிரமத்தைப் பலரும் படுகிறார்கள் என்று பின்னர் அறிந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில், "டைப்-சி இருந்தா போதும் சார், எல்லா லேப்டாப்புக்கும் ஓடும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருகியதும் கீபோர்டும் மவுஸும் உடனே இயங்கின. ஹார்டு டிஸ்க்கும் தெரிந்தது. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்தது. எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. அதே டாக்கைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பில் செருகியபோது படம் பளிச்சென்று வந்தது. எந்தப் பொருளிலும் பழுதில்லை. என் மடிக்கணினியின் டைப்-சி துளை தரவையும் மின்சாரத்தையும் கடத்துமே தவிர, படத்தை வெளியே அனுப்பும் வசதி அதில் வைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2014-ல் வெளிவந்த டைப்-சி என்பது முனையின் வடிவத்துக்கு உரிய பெயர். விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் மட்டுமே ஓடும் துளையும், 40 ஜிகாபிட் வரை ஓடும் தண்டர்போல்ட் என்ற அதிவேகத் துளையும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். படம் போக வேண்டுமானால், டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்தத் துளையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்களுக்கு, படத்தைச் சுருக்கித் தரவாக மாற்றி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் உதவும். ஆனால் அதற்குரிய மென்பொருளைக் கணினியில் நிறுவியாக வேண்டும். கடைக்காரர் நல்ல மனதோடு மாற்றிக் கொடுத்ததால், கூடுதல் தொகை கட்டி நான் அந்த வகையை வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பெட்டியில் இல்லாத விவரத்தை அவர் எங்கிருந்து சொல்வார்?

அம்பத்தூரில் கணக்காளராக இருக்கும் என் தங்கையின் அனுபவம் வேறு விதமானது. வீட்டில் 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு எடுத்திருந்தும், எத்தனை முறை சோதித்தாலும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. இணைய நிறுவனத்தின் மீது இரண்டு முறை புகார் கொடுத்த பிறகு, வீட்டுக்கு வந்த தொழில்நுட்ப ஊழியர் லேன் கேபிளை டாக்கிலிருந்து பிடுங்கித் தம் லேப்டாப்பில் செருகினார். 200 முழுமையாக வந்தது. தங்கையின் கணினி அமைப்புகளில் ஈதர்நெட் (லேன் கேபிள் இணைப்பு) பக்கத்தைத் திறந்தால் இணைப்பின் வேகம் 100/100 என்று இருந்தது. அதாவது, டாக்கின் லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அந்த டாக்கின் பெட்டியில் 'LAN' என்ற மூன்றெழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அதே டாக்கை அவள் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றபோது நெட்வொர்க் உள்ளேயே விடவில்லை. டாக்கின் ஈதர்நெட் சிப்புக்கென்று தனி மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) உண்டு என்பதும், அலுவலகத்தில் பதிவாகியிருந்தது மடிக்கணினியின் முகவரி என்பதும் அவளுக்குத் தெரியாது.

எனக்கு நேர்ந்த இழப்பு ஒரு மின்தடையால் வந்தது. மாலையில் ஒரு நூலின் இறுதிக் கோப்புகளை ஹார்டு டிஸ்க்குக்குப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. தனி அடாப்டரில் இயங்கும் டாக் அந்த நொடியே நின்றுவிட, ஹார்டு டிஸ்க் பாதியில் துண்டிக்கப்பட்டு இரண்டு அத்தியாயங்களின் கோப்புகள் திறக்க முடியாதபடி கெட்டுப்போயின. மூலக் கோப்பு கணினியில் இருந்ததால் தப்பினேன். அன்றிலிருந்து டாக்கையும் ரவுட்டரையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்து வைத்திருக்கிறேன். மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறதே என்ற தைரியத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அடைக்கப்பட்ட பொருள்களின் மேல் அதிகபட்ச விலை, இறக்குமதியாளரின் பெயர், தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போகிறவர் நட்சத்திரக் குறியைப் பார்த்தே மின்சாரச் செலவைக் கணித்துவிடுகிறார். டாக்கிங் ஸ்டேஷனுக்கும் அப்படி ஓர் அட்டவணை வேண்டும். படம் எந்த முறையில் போகிறது, எத்தனை மானிட்டர்களில் தனித்தனிப் படம் வரும், லேன் வேகம் 100 மெகாபிட்டா 1 ஜிகாபிட்டா, தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக மடிக்கணினிக்கு எத்தனை வாட் கொடுக்கும், தனி அடாப்டர் தேவையா என்பவற்றை அதில் தமிழிலும் அச்சிட வேண்டும். '4கே' என்று பெரிதாக அச்சிடுகிறவர்கள், அது விநாடிக்கு 30 முறை புதுப்பிக்கும் படமா 60 முறையா என்பதையும் சொல்ல வேண்டும். 30 என்றால் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும், நாள் முழுவதும் எழுத்தைப் பார்க்கும் எங்களைப் போன்றோருக்குக் கண் வலிக்கும். மடிக்கணினி நிறுவனங்களும் ஒவ்வொரு டைப்-சி துளையின் அருகிலும் அதன் திறனைக் குறிக்க வேண்டும். சிலர் மின்னல் குறி இடுகிறார்கள். பலர் எதுவுமே இடுவதில்லை.

பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளித்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை இந்த அட்டவணையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வியாபாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அதே ரிச்சி தெருவில் ஒரு சிறிய கடையில் பழைய மானிட்டர் ஒன்றையும் லேன் கேபிள் ஒன்றையும் மேசை மேலேயே வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் லேப்டாப்பில் டாக்கைச் செருகிப் படமும் இணையமும் வருவதைக் காட்டிய பிறகே பணம் வாங்குகிறார்கள். மற்ற கடைகளிலும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளரான ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை.